தோள் மூட்டு மாற்று ஆபரேஷனுக்குப் பிந்தைய வலிக்கு நரம்பு பிளாக்: இளைப்பு உள்ள அம்மாவுக்கு எதைப் போடலாம்?

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். அம்மாவுக்கு 72 வயது. வலது தோளில் தசைநார் கிழிந்து மூட்டும் தேய்ந்துவிட்டதால் ரிவர்ஸ் வகை மூட்டு மாற்று ஆபரேஷன் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். அவருக்கு நெடுநாளாக இளைப்பு உண்டு, தினமும் இன்ஹேலர் இழுக்கிறார். ஆபரேஷனுக்குப் பிறகு வலி தெரியாமலிருக்கக் கழுத்தில் ஊசி போட்டுக் கையை மரக்க வைப்போம் என்று மயக்க மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதே ஊசியைப் போட்டுக்கொண்ட உறவினர் ஒருவரோ, "அன்றைக்கு மூச்சு முட்டிப் போனேன், வேண்டவே வேண்டாம்" என்கிறார். நரம்பை மரக்க வைக்கும் இந்த ஊசிகளில், அதாவது பிளாக்குகளில், எது நல்லது, ஒரே ஊசியா, மருந்து சொட்ட கதீட்டர் என்ற மெல்லிய குழாய் வைப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். இவற்றுக்கெல்லாம் அடியில் இருக்கிற கேள்வி ஒன்றுதான்: வலியைக் குறைக்கப் போய் அம்மாவின் மூச்சைக் கெடுத்துவிடுவோமா?

நான் மயக்கவியல் மருத்துவர். எலும்பு, மூட்டு ஆபரேஷன்களுக்கு மயக்கமும் பிளாக்கும் கொடுப்பது பல வருடங்களாக என் அன்றாட வேலை. அம்மாவை நான் நேரில் பார்க்கவில்லை, அவருடைய மூச்சுப் பரிசோதனை அறிக்கையையும் பார்க்கவில்லை. ஆகவே "இதைத்தான் போட வேண்டும்" என்று இங்கிருந்து சொல்ல மாட்டேன். எந்த ஊசி என்ன செய்யும், அவரைப் போன்றவர்களுக்கு நான் எப்படி முடிவெடுப்பேன் என்பதைச் சொல்கிறேன். உங்கள் மருத்துவரோடு பேசும்போது உதவும்.

முதலில் உறவினர் சொன்னது. அது கற்பனையில்லை. அவருக்குப் போட்டது பெரும்பாலும் இன்டர்ஸ்கேலீன் பிளாக்காக இருக்கும். கழுத்துத் தண்டுவடத்திலிருந்து கைக்கு வரும் நரம்பு வேர்கள் ஐந்து. அவை கழுத்தின் பக்கவாட்டில் ஸ்கேலீன் எனப்படும் இரண்டு தசைகளுக்கு நடுவே ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்குகின்றன. அந்த இடுக்கில் மரப்பு மருந்தைச் செலுத்தினால் தோள் முழுக்க மரத்துவிடும். அலோன் வின்னி என்ற அமெரிக்க மருத்துவர் 1970-ல் இந்த முறையை விவரித்து எழுதினார். அன்றிலிருந்து இன்றுவரை தோள் ஆபரேஷனுக்கு மற்ற எல்லா பிளாக்கையும் இதோடு ஒப்பிட்டுத்தான் பேசுகிறோம். வலியை அடக்குவதில் இதற்கு ஈடு சொல்வது கடினம். ஆனால் அதே ஸ்கேலீன் தசையின் முன்பக்கத்தில் ஃபிரெனிக் நரம்பு ஓடுகிறது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானத்தை அசைப்பது அந்த நரம்புதான். கைக்குப் போட்ட மருந்து கொஞ்சம் முன்னால் பரவினாலும் அந்தப் பக்கத்து உதரவிதானம் அசையாமல் நின்றுவிடும்.

இது எப்போதாவது ஒருவருக்கு நடக்கும் விபத்து என்று நினைக்க வேண்டாம். பழைய முறையில் 20 மில்லி அளவுக்கு மருந்து போட்டால் கிட்டத்தட்ட எல்லோருக்குமே ஒரு பக்க உதரவிதானம் நின்றுபோகிறது என்று 1990-களின் தொடக்கத்திலேயே காட்டிவிட்டார்கள். அப்போது ஒருவர் முழுதாக இழுத்து விடக்கூடிய மூச்சின் அளவு கால் பங்குக்கு மேல் குறையும். நுரையீரல் நன்றாக இருக்கும் 40 வயதுக்காரருக்கு அது தெரியவே தெரியாது, மறுபக்கத்து உதரவிதானமும் விலாத் தசைகளும் ஈடுகட்டிவிடும். சிலர் மட்டும் "நெஞ்சில் ஏதோ கனமாக இருக்கிறது" என்பார்கள். மருந்து தெளியும்போது அதுவும் போய்விடும். ஏற்கெனவே மூச்சில் கையிருப்பு இல்லாதவருக்கு அந்தக் கால் பங்கு பெரிய இழப்பு. உங்கள் பயம் நியாயமானது என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் நகர முடியவில்லை. நம் ஊர்ப் பெண்களிடம் "சிகரெட் பழக்கம் உண்டா" என்று கேட்டால் இல்லை என்பார்கள், படிவத்திலும் இல்லை என்று எழுதிவிடுவார்கள். நான் கேட்கும் கேள்வி வேறு: "எத்தனை வருஷம் விறகடுப்பில் சமைத்தீர்கள்?" முப்பது, நாற்பது வருடம் அடுப்புப் புகையில் நின்றவர்களின் நுரையீரல் புகைபிடித்தவருடையதைப் போலவே கெட்டிருக்கலாம். அம்மாவின் இளைப்பு ஆஸ்துமாவா, புகையால் வந்த நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பா என்பது பிளாக் விஷயத்தில் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும். கட்டுக்குள் இருக்கும் ஆஸ்துமா என்றால் கையிருப்பு நிறைய இருக்கும். நாள்பட்ட அடைப்பு என்றால் கையிருப்பு கரைந்திருக்கும். குழாயில் ஊதச் சொல்லும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையை ஆபரேஷனுக்கு முன்பே செய்துவிடுங்கள். அதைவிட எளிதான கேள்விகளும் இருக்கின்றன. ஒரு மாடி ஏறினால் நடுவில் நின்று மூச்சு வாங்குகிறாரா? இரவில் மல்லாந்து படுக்க முடிகிறதா, தலையணை அடுக்கிக்கொள்கிறாரா? விரலில் மாட்டும் கருவி, ஆக்ஸிஜன் வைக்காமல் உட்கார்ந்திருக்கும்போது என்ன காட்டுகிறது? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் என் முடிவில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

சரி, மாற்று வழிகள். முதலாவது, அதே இன்டர்ஸ்கேலீன் ஊசியைக் குறைந்த அளவில் போடுவது. இப்போது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் திரையில் நரம்பையும் ஊசி முனையையும் நேரில் பார்த்தபடி போடுகிறோம், அதனால் 20 மில்லி தேவையில்லை. 2008-ல் வந்த ஓர் ஆய்வில் 20 மில்லி போட்ட எல்லோருக்கும் உதரவிதானம் நின்றது, 5 மில்லி போட்டவர்களில் அது 45 சதவீதமாகக் குறைந்தது. வலி குறைந்ததில் பெரிய வேறுபாடு இல்லை. இது நல்ல முன்னேற்றம்தான். ஆனால் உங்கள் அம்மாவின் இடத்தில் வைத்துப் பாருங்கள்: ஏறத்தாழ இரண்டில் ஒருவருக்கு இன்னும் நிற்கிறது. மூச்சு மோசமாக இருப்பவருக்கு நாணயம் சுண்டிப் பார்ப்பதற்கு இது சமம். அந்த நிலையில் நான் இதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

இரண்டாவது, சுப்பீரியர் ட்ரங்க் பிளாக். என் மனம் அதிகம் சாய்வது இதன் பக்கம்தான். ஐந்தாவது, ஆறாவது கழுத்து நரம்பு வேர்கள் கொஞ்சம் கீழே வந்ததும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே தண்டாகின்றன. தோளுக்கு வேண்டிய கிளைகளில் பெரும்பாலானவை அந்தத் தண்டிலிருந்தோ அதற்குப் பிறகோதான் பிரிகின்றன. அந்தத் தண்டைச் சுற்றி மட்டும் மருந்து வைத்தால் போதும். இதனால் என்ன லாபம் என்றால், குரல்வளைக் குருத்தெலும்பின் மட்டத்தில் ஃபிரெனிக் நரம்புக்கும் கை நரம்புக்கும் இடையே 2 மில்லிமீட்டர்தான் தூரம். ஒவ்வொரு சென்டிமீட்டர் கீழே இறங்கும்போதும் அந்த இடைவெளி சுமார் 3 மில்லிமீட்டர் கூடுகிறது. கழுத்தில் இரண்டு விரற்கடை கீழே போவதால் மூச்சுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு அது. 2019-ல் நியூயார்க்கில் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். இன்டர்ஸ்கேலீன் போட்டவர்களில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் உதரவிதானம் நின்றது, சுப்பீரியர் ட்ரங்க் போட்டவர்களில் ஏறத்தாழ ஐந்து பேருக்கு மட்டும். வலி இரு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் ஆபரேஷன் முடிந்து அன்றே வீட்டுக்குப் போகக்கூடிய, ஓரளவு திடமான ஆட்கள், செய்துகொண்டது சிறுதுளை வழியான தோள் ஆபரேஷன். மூட்டையே மாற்றிக்கொள்ளும் 72 வயதுக்காரருக்கு அதே எண்கள் அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. போகிற திசை சரி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த அளவு லாபம் கிடைக்குமா என்பதில்தான் கொஞ்சம் தயக்கம்.

மூன்றாவது வழி, கழுத்தை விட்டே விலகிப் போவது. தோள் மூட்டின் உணர்ச்சியில் சுமார் 70 சதவீதத்தை சுப்ராஸ்கேப்புலர் என்ற ஒரே நரம்பு சுமக்கிறது என்று பாடநூல்கள் சொல்கின்றன. அதைத் தோள்பட்டை எலும்பின் மேற்புறத்தில், முதுகுப் பக்கமாக மரக்க வைக்கலாம். கூடவே மேற்கை எலும்பின் பின்பக்கத்தில் சுற்றி வரும் ஆக்ஸிலரி நரம்பையும் மரக்க வைத்தால் மூட்டின் பெரும்பகுதி அடங்கிவிடும். முதுகுப் பக்கமாகப் போட்டால் மருந்து ஃபிரெனிக் நரம்பின் அருகே போவதேயில்லை. மூச்சுக்கு இதைவிடப் பாதுகாப்பான தோள் பிளாக் கிடையாது. விரல்களும் முழங்கையும் மரக்காமல் அசையும் என்பதால் நோயாளிக்கும் நிம்மதி. சுப்ராஸ்கேப்புலர் பிளாக்கை இன்டர்ஸ்கேலீனோடு ஒப்பிட்ட ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தபோது, ஆபரேஷன் முடிந்த முதல் ஒரு மணி நேரத்தில் இன்டர்ஸ்கேலீன் முந்துகிறது, அதற்குப் பிறகு பெரிய வித்தியாசமில்லை என்றே தெரிந்தது.

ஆனால் அதிலும் பெரும்பாலானவை சிறுதுளை ஆபரேஷன்கள்தான். மூட்டு மாற்றுக்கு சர்ஜன் போகும் வழி வேறு. தோளின் முன்பக்கத்தில், நெஞ்சுத் தசைக்கும் தோள் உருண்டைத் தசைக்கும் நடுவே கத்தி வைக்கிறார். மூட்டுக்கு முன்னால் இருக்கும் சப்ஸ்கேப்புலாரிஸ் தசையைப் பிரித்துத்தான் பெரும்பாலும் உள்ளே போக முடியும். அந்த முன்பகுதிக்கு உணர்ச்சி கொடுக்கும் சப்ஸ்கேப்புலர், லேட்டரல் பெக்டோரல் நரம்புகளை மேலே சொன்ன இரண்டு ஊசியும் தொடுவதில்லை. இந்த இரட்டை ஊசியை மட்டும் நம்பிப் போன சில மூட்டு மாற்று நோயாளிகள், கண் விழித்ததும் தோளின் முன்பக்கத்தைத்தான் தொட்டுக் காட்டினார்கள். அதன்பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். இந்த முறையைத் தேர்ந்தெடுத்தால், தையல் போடும் முன் மூட்டின் முன்பக்கச் சவ்விலும் தசையிலும் மரப்பு மருந்தைப் பரவலாகப் போடச் சொல்லி சர்ஜனிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவேன். இரண்டு பேர் போடும் மருந்தும் சேர்ந்து உடல் எடைக்கான உச்சவரம்பைத் தாண்டக்கூடாது, அதனால் கணக்கை வாய்விட்டுச் சொல்லிப் பகிர்ந்துகொள்வோம். 45 கிலோ எடையுள்ள அம்மாவுக்கும் 80 கிலோ ஆளுக்கும் ஒரே அளவு கிடையாது.

இன்னொரு சங்கடமும் உண்டு. ரிவர்ஸ் வகை மூட்டில் பந்தும் கிண்ணமும் இடம் மாறியிருக்கும். கிழிந்துபோன தசைநாருக்குப் பதிலாக தோள் உருண்டையான டெல்டாய்டு தசையே இனி கையைத் தூக்க வேண்டும். அந்தத் தசையை இயக்குவது ஆக்ஸிலரி நரம்பு. ஆபரேஷனில் அந்த நரம்பு இழுபட்டதா என்று சர்ஜன் அன்றே பார்க்க விரும்பலாம். கழுத்து பிளாக்கோ ஆக்ஸிலரி ஊசியோ போட்டால், அது தெளியும்வரை அந்தச் சோதனை செய்ய முடியாது. சில சர்ஜன்கள் "நான் முதலில் கையைப் பார்த்துவிடுகிறேன், அப்புறம் பிளாக் போடுங்கள்" என்பார்கள். அது பிடிவாதம் என்று எண்ண வேண்டாம், அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அப்படியானால் மயக்கத்திலிருந்து எழுப்பி, கையைச் சோதித்த பிறகு பிளாக் போடலாம், நடுவில் அரைமணி நேரம் வேறு மருந்தால் சமாளிக்க வேண்டியிருக்கும்.

நான்காவது, பிளாக்கே இல்லாமல் சர்ஜன் மட்டும் உள்ளே மருந்து போடுவது. இரண்டு நுரையீரலுமே மிக மோசமாக இருப்பவருக்கும், மறுபக்கத்து உதரவிதானம் ஏற்கெனவே செயலிழந்தவருக்கும் இது கை கொடுக்கும். முதல் நாள் வலியை அடக்குவதில் இது பிளாக்குக்கு ஈடாகாது, ஆனால் ஒன்றுமில்லாததற்கு எவ்வளவோ மேல். முதுகுத் தசைக்கு அடியில் போடும் எரெக்டர் ஸ்பைனே போன்ற புதிய பிளாக்குகளையும் தோளுக்கு முயல்கிறார்கள். அதை நம்பி ஒரு மூட்டு மாற்று ஆபரேஷனை நடத்தும் அளவுக்கு ஆதாரம் இன்னும் சேரவில்லை என்பது என் கருத்து.

ஒரே ஊசியா, கதீட்டரா என்று கேட்டீர்கள். ஒரே ஊசி பியூபிவக்கைன் அல்லது ரோப்பிவக்கைன் என்ற மரப்பு மருந்தில் சுமார் 12 முதல் 18 மணி நேரம் தாங்கும். மூட்டு மாற்றின் கடுமையான வலியோ இரண்டு மூன்று நாள் நீடிக்கும். அந்த இடைவெளியை அடைக்க, நரம்பின் பக்கத்தில் நூல் போன்ற மெல்லிய குழாயை வைத்து, பலூன் போன்ற பம்ப் வழியாக மருந்தைச் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கிறோம். சரியாக உட்கார்ந்தால் அருமையான வழி, முதல் இரண்டு இரவும் தூங்க முடியும். ஆனால் கழுத்துத் தோல் நெகிழ்வானது, தலையைத் திருப்பத் திருப்பக் குழாய் நகர்ந்துவிடும். மருந்து கசிந்து கட்டு நனையும். உங்கள் அம்மாவுக்கு இதைவிடப் பெரிய கவலை, இன்டர்ஸ்கேலீன் இடத்தில் கதீட்டர் வைத்தால் ஒரு நாளில் தெளிய வேண்டிய உதரவிதானம் இரண்டு மூன்று நாள் அசையாமல் கிடக்கலாம் என்பதுதான். மூச்சுக் கோளாறு உள்ளவருக்குக் கதீட்டர் வேண்டும் என்று முடிவானால், அதைச் சுப்பீரியர் ட்ரங்கிலோ சுப்ராஸ்கேப்புலரிலோ வைப்பதுதான் சரி. அதையும் வார்டில் அந்தப் பம்பைப் பார்த்துக்கொள்ளப் பழகிய நர்சுகள் இருக்கும் இடத்தில் மட்டும் செய்ய வேண்டும்.

கதீட்டர் இல்லாமலே நேரத்தை நீட்டிக்க டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து உதவுகிறது. அதை மரப்பு மருந்தோடு கலந்து நரம்பருகே போடுவோரும் உண்டு, ரத்தக்குழாய் ஊசியாக ரத்தத்தில் கொடுப்போரும் உண்டு. ரத்தத்தில் கொடுத்தாலும் பலன் ஏறக்குறைய கிடைத்துவிடுவதால் நான் அப்படியே கொடுக்கிறேன். சில மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும், வாந்தியும் குறையும். அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால் அன்றும் மறுநாளும் அளவு ஏறும், அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும். கொழுப்பு உறையில் அடைத்து மெதுவாக வெளிவிடும் லிப்போசோமல் பியூபிவக்கைனை இன்டர்ஸ்கேலீன் பிளாக்குக்கு அமெரிக்காவில் 2018-ல் அனுமதித்தார்கள். அதன் விலையைப் பார்க்கும்போதும், பிறகு வந்த தொகுப்பாய்வுகளைப் பார்க்கும்போதும், சாதாரண மருந்தைவிடக் கிடைக்கும் கூடுதல் பலன் சிறிது என்றே தோன்றுகிறது. அது கிடைக்கவில்லை என்று நீங்கள் வருத்தப்பட வேண்டியதில்லை.

இப்போது நான் மிகவும் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். எந்த பிளாக் என்று ஒரு மணி நேரம் பேசுகிறோம், அது தெளியும் நேரத்தைப் பற்றி ஒரு நிமிடம்கூடப் பேசுவதில்லை. காலை ஒன்பது மணிக்கு ஊசி போட்டால் கணக்குப் போட்டுப் பாருங்கள், இரவு ஒன்பதிலிருந்து அதிகாலை மூன்று மணிக்குள் தெளியும். வார்டில் ஆள் குறைவான நேரம், கூட இருப்பவரும் தூங்கிவிட்ட நேரம். மரத்திருந்த கைக்குத் திடீரென்று உயிர் வரும்போது வலி படிப்படியாக ஏறுவதில்லை, ஒரேயடியாக வந்து அடிக்கும். என் ஆரம்ப வருடங்களில் ஒரு பெரியவருக்கு நல்ல பிளாக் போட்டேன். மாலையில் போய்ப் பார்த்தபோது, "வலியே இல்லை டாக்டர்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். வலி இல்லை என்பதால் இரவு மாத்திரையை அவரும் வேண்டாம் என்றிருக்கிறார், கொடுக்க வேண்டியவர்களும் விட்டுவிட்டார்கள். நானும் எழுதி வைத்ததோடு சரி, யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. விடியற்காலை இரண்டரை மணிக்குத் தொடங்கிய வலியை அடக்க ஆறு மணி ஆயிற்று. மறுநாள் காலை அவர் முகத்தைப் பார்த்தது இன்னும் நினைவில் இருக்கிறது. அன்றிலிருந்து நோயாளியின் வீட்டாரை அழைத்து நேரம் சொல்லிவிடுகிறேன்: வலி இல்லாவிட்டாலும் இரவு பத்து மணிக்கு மாத்திரை போட்டே ஆக வேண்டும், விரல் நுனியில் ஊசி குத்துவது போலக் கூசத் தொடங்கினால் அப்போதே நர்சை எழுப்புங்கள், வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

மாத்திரை என்று நான் சொல்வதில் அடிப்படை பாராசிட்டமால். அதை வலி வந்தால் என்றில்லாமல் மணிக்கணக்கு வைத்துக் கொடுக்க வேண்டும், எடை 50 கிலோவுக்குக் குறைவென்றால் அளவைக் குறைக்க வேண்டும். டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் நன்றாகக் கேட்கும், ஆனால் சில ஆஸ்துமாக்காரர்களுக்கு அவை இளைப்பைத் தூண்டிவிடும். இந்த வயதில் சிறுநீரகத்தையும் வயிற்றையும் பார்க்க வேண்டும். இதற்கு முன் தலைவலிக்கோ முட்டிவலிக்கோ அப்படி ஒரு மாத்திரை போட்டு அம்மாவுக்கு இளைப்பு வந்ததுண்டா என்று யோசித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். ட்ரமடால் போன்றவை கொஞ்சம் தேவைப்படலாம். குமட்டலும் தலைசுற்றலும் குழப்பமும் வரக்கூடும், எனவே குறைந்த அளவில்தான் தொடங்குவோம். பிரெகாபலின், கேபாபென்டின் மாத்திரைகளை இரவில் தூங்கட்டும் என்று கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. மூச்சுக் கோளாறு உள்ளவர்களுக்கும் முதியவர்களுக்கும் அவை மூச்சை மந்தமாக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019-ல் எச்சரித்தது. அம்மாவுக்கு அது வேண்டாம் என்பேன். தோளின் மேல் துணி சுற்றிய ஐஸ் பை எளிய விஷயம்தான், ஆனால் வேலை செய்யும்.

பிளாக்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் மூச்சு பத்திரமாக இருந்துவிடுமா? இதை உங்கள் உறவினரிடமும் சொல்லுங்கள். பிளாக் இல்லாத மூட்டு மாற்றுக்கு மார்ஃபின், ஃபென்டனில் வகை மருந்துகள் நிறையத் தேவைப்படும். அவை மூச்சு மையத்தையே மந்தமாக்கும். வலி அடங்காமல் விட்டாலும் ஆழமாக மூச்சு இழுக்க முடியாது, இருமிச் சளியைத் துப்ப முடியாது. இளைப்பு உள்ளவருக்குச் சளி தங்கினால் அடுத்தது நிமோனியா. அதனால்தான் இவர்களுக்கு மூச்சைத் தொடாத நல்ல பிளாக் மற்றவர்களைவிட அதிகமாகத் தேவைப்படுகிறது.

ஆபத்துகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிளாக்குக்குப் பிறகு சில நாள் விரல்களில் மதமதப்பு இருப்பது அபூர்வமில்லை, பெரும்பாலும் தானே சரியாகும். நிரந்தரமாக நரம்பு கெடுவது பத்தாயிரம் பேரில் இரண்டு முதல் நான்கு பேருக்கு என்ற அளவில் சொல்லப்படுகிறது. மூட்டு மாற்று ஆபரேஷனிலேயே கையை இழுத்துத் திருப்புவதால் நூற்றில் ஒருவர் முதல் நான்கு பேர்வரை ஏதாவது நரம்புக் குறை வருகிறது, அதிலும் பெரும்பாலானவை தேறிவிடுகின்றன. மரப்பு மருந்து தவறி ரத்தத்தில் கலந்தால் வலிப்பும் இதயத் துடிப்புக் கோளாறும் வரலாம். அதற்கு முறிவு மருந்தாக 20 சதவீதக் கொழுப்புக் கரைசல் பிளாக் போடும் அறையில் தயாராக இருக்க வேண்டும். கழுத்து பிளாக்கை முழு மயக்கத்தில் போட்டதால் தண்டுவடம் நிரந்தரமாகப் பாதிக்கப்பட்ட நான்கு பேரைப் பற்றி 2000-ல் பெனுமோஃப் என்ற அமெரிக்க மயக்க மருத்துவர் எழுதினார். அதன் பிறகு பெரியவர்களுக்கு விழித்திருக்கும்போதே, லேசான தூக்கக் கலக்கத்தில், பேச்சுக் கொடுத்துக்கொண்டே போடுவது வழக்கமாயிற்று. "நான் பயப்படுவேன், முழுசாகத் தூங்க வைத்துவிட்டுப் போடுங்கள்" என்று அம்மா கேட்டால், ஏன் மறுக்கிறார்கள் என்று அவருக்குப் புரிய வையுங்கள். கூர்மையான வலி கைக்குள் ஓடினால் உடனே சொல்வதற்கு அவர் விழித்திருக்க வேண்டும்.

வீட்டார் பதறும் ஒன்று பாக்கியிருக்கிறது. கழுத்து பிளாக்குக்குப் பிறகு அந்தப் பக்கத்துக் கண் இமை கொஞ்சம் தொங்கலாம், கண் சிவக்கலாம், குரல் கம்மலாம். "வாதம் அடித்துவிட்டது" என்று அலறிக்கொண்டு ஓடிவருவார்கள். பக்கத்து நரம்புகளுக்கும் மருந்து பரவியதால் வருவது அது, பிளாக் தெளியும்போது போய்விடும். ஆனால் வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, காலிலும் பலம் குறைந்தாலோ, அதை பிளாக்கின் கணக்கில் சேர்க்காமல் அந்த நிமிடமே மருத்துவரை அழைக்க வேண்டும்.

ஆக, அம்மாவின் இடத்தில் நான் இப்படிப் போவேன். மாடி ஏறி, மல்லாந்து படுத்து, ஊதும் பரிசோதனையும் நன்றாக இருந்தால் ஸ்கேன் பார்த்துக் குறைந்த அளவில் சுப்பீரியர் ட்ரங்க் பிளாக், அதோடு முழு மயக்கம். போட்ட பிறகு ஸ்கேன் கருவியை விலா ஓரத்தில் வைத்து, மூக்கால் உறிஞ்சச் சொல்லி உதரவிதானம் அசைகிறதா என்று பார்த்துவிடுவேன், இரண்டு நிமிட வேலை. பரிசோதனை மோசமாக இருந்தால் கழுத்துப் பக்கமே போகாமல், முதுகுப் பக்கச் சுப்ராஸ்கேப்புலர், அதோடு மூட்டின் முன்பக்கத்தில் சர்ஜன் போடும் மருந்து. ஆக்ஸிலரி ஊசியைச் சேர்ப்பதா என்பதை சர்ஜனோடு பேசி முடிவு செய்வேன். இரண்டிலுமே முதல் இரவு கண்காணிப்பு உள்ள படுக்கை, தலைப்பக்கம் உயர்த்தி வைத்தல். ஒருவேளை உங்கள் மருத்துவமனையில் சுப்பீரியர் ட்ரங்க் பழக்கமில்லாமல் சுப்ராஸ்கேப்புலர் நன்றாகப் பழகியிருந்தால், பழகியதையே போடட்டும். பெயரைவிட, அதைப் போடும் கை எத்தனை முறை போட்டிருக்கிறது என்பது முக்கியம். மருத்துவரிடம் இதைக் கேட்கத் தயங்க வேண்டாம், கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆபரேஷனுக்கு முதல் நாளே வலது கை வளையலையும் மோதிரத்தையும் கழற்றிவிடுங்கள், மரத்த கை வீங்கினால் பிறகு வராது. பிளாக் இருக்கும்வரை அந்தக் கைக்குச் சூடு தெரியாது, வெந்நீர்ப் பையும் சுடச்சுட காபி டம்ளரும் பக்கத்தில் வேண்டாம். முழங்கைக்கு அடியில் சின்னத் தலையணை வையுங்கள், அங்கே அழுந்தினாலும் அவருக்குத் தெரியாது. கழிவறைக்கு எழும்போது யாராவது இடது பக்கம் பிடித்துக்கொள்ள வேண்டும், கை தொங்கலில் இருக்கும்போது நடை தடுமாறும். அன்று காலை வெறும் வயிறு என்று சொன்னாலும் இன்ஹேலரை நிறுத்தக்கூடாது. வழக்கம்போல இழுத்துவிட்டு, தியேட்டருக்குப் போகும்போது அதையும் கையோடு கொடுத்து அனுப்புங்கள்.